36 கிலோமீட்டர் நீள அலை: வாசகர் கேள்வி – பதில்

மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை வி.எல்.எஃப். என்பார்கள். ஹாம் ஆர்வலர்களின் சோதனைகள் பெரும்பாலும் 8.27 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நடப்பதால், கணக்குகளை அந்த அதிர்வெண்ணுக்கே போட்டிருக்கிறோம்.

கேள்வி: 8.27 என்ற எண்ணை யார் முடிவு செய்தது? உரிமம் இல்லாமல் ஒலிபரப்பலாமா?

பதில்: சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அட்டவணையில் 8.3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தச் சேவைக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. 2012 வரை அந்த எல்லை 9 கிலோஹெர்ட்ஸாக இருந்தது. அந்த ஆண்டு நடந்த உலக ரேடியோ மாநாடு, மின்னல் கண்டறியும் வானிலைக் கருவிகளுக்காக 8.3 முதல் 11.3 வரை ஒதுக்கியது. அதுவரை 8.9 பக்கம் சோதனை செய்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. 8.27 எல்லைக்குள் அடங்குகிறது, மின்சார இரைச்சலுக்கும் சற்றுத் தள்ளி நிற்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்குகள் 8250, 8300. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 8220, 8280. இந்த நான்கிலும் இது மோதவில்லை.

ஒதுக்கீடு இல்லை என்றால் அனுமதி வேண்டாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். எந்த நாடு இதை அனுமதித்தாலும், 8.3-க்கு மேலே உள்ள சேவைகளுக்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்வது அந்த நாட்டின் பொறுப்பு என்று அதே விதி சொல்கிறது. சில நாடுகளில் தனி அனுமதி தருகிறார்கள், சில நாடுகளின் சட்டம் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் நாட்டு ரேடியோ ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். கேட்பதற்கு மட்டும் பெரும்பாலும் தடை கிடையாது.

கேள்வி: ஒரு வாட் கூட இல்லாமல், மைக்ரோவாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: இந்த அலை வானத்தை நோக்கிச் சிதறிப் போவதில்லை. தரை ஒரு சுவர், அயனி மண்டலத்தின் டி அடுக்கு இன்னொரு சுவர். பகலில் சுமார் 70 கிலோமீட்டர், இரவில் சுமார் 85 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கூரை இருக்கிறது. அலைநீளமோ 36 கிலோமீட்டர். குழாய்க்குள் ஓடும் நீர்போல அலை இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஓடுகிறது, வழியில் இழப்பதும் குறைவு. ஒவ்வொரு மின்னலும் இதே பாதையில்தான் தன் துடிப்பை உலகமெங்கும் அனுப்புகிறது.

சிக்கலும் அங்கேதான். உலகின் எல்லா மின்னலும் அதே குழாய்க்குள் கத்துகிறது, மின்னலின் ஆற்றல் உச்சம் பெறுவதும் ஏறக்குறைய இதே 5 – 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். ஆகவே உங்கள் மைக்ரோவாட் அங்கே போய்ச் சேர்ந்தாலும், இரைச்சலுக்கு அடியில் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்க உதவுவது பவர் அல்ல, நேரம். எத்தனை நிமிடம் அல்லது மணி நேரம் ஒரே ஃபேஸில் (அலையின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நிலையில்) சிக்னலைக் கூட்டிக்கொண்டே போகிறீர்களோ, அத்தனைக்கு அது மேலே வரும். ஆன்டெனா மின்னோட்டம் பாதியானால் அதே பலன் கிடைக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகும்.

கேள்வி: முதலில் கேட்டுப் பார்க்க ஆசை. என்ன வாங்க வேண்டும்?

பதில்: நல்ல முடிவு. கேட்கும் நிலையத்தைச் சரியாக அமைக்காதவர் ஒலிபரப்பில் இறங்கினால், தன் சிக்னல் போகிறதா என்றே அவருக்குத் தெரியாது.

ஒரு மீட்டர் நீளமுள்ள செங்குத்துக் கம்பி போதும். அதன் கெப்பாசிட்டன்ஸ் ஏறத்தாழ 10 பிக்கோஃபாரட். இவ்வளவு சிறிய கெப்பாசிட்டன்ஸை நேராகக் கேபிளில் இணைத்தால் கேபிளே சிக்னலை விழுங்கிவிடும். அதனால் கம்பியின் அடியிலேயே முன்பெருக்கி இருக்க வேண்டும். ஜே310 மாதிரியான ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள்; கேட், சோர்ஸ், டிரெயின் என்பவை அதன் மூன்று கால்கள். கம்பியிலிருந்து 100 கிலோஓம் வழியாக கேட், கேட்டிலிருந்து எர்த்துக்கு 10 மெகாஓம், சோர்ஸிலிருந்து எர்த்துக்கு 1 கிலோஓம், டிரெயினுக்கு 12 வோல்ட் பேட்டரி. சோர்ஸிலிருந்து 10 மைக்ரோஃபாரட் வழியாக வெளியீடு. அந்த 100 கிலோஓமும் கேட்டின் சில பிக்கோஃபாரட்டும் சேர்ந்து, அருகிலுள்ள மீடியம் வேவ் நிலையம் உள்ளே நுழைந்து ஃபெட்டைத் திணறடிக்காமல் தடுக்கும்.

அந்த 10 மெகாஓமை உயர்த்தாதீர்கள். பலர் 100 மெகாஓம் போட்டால் உணர்திறன் கூடும் என்று நினைக்கிறார்கள். 10 மெகாஓமும் உள்ளீட்டிலுள்ள சுமார் 15 பிக்கோஃபாரட்டும் சேர்ந்தால் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னல் குறையத் தொடங்குகிறது, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. 100 மெகாஓம் போட்டால் அந்தத் தடுப்பு எல்லை 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அடுத்த கணமே சவுண்ட் கார்டு ஹம்மால், அதாவது அந்த மின்சார இரைச்சலால், நிரம்பி வழியும். 8 கிலோஹெர்ட்ஸில் ஆதாயம் ஒன்றும் இல்லை.

கேபிள் கணினியைத் தொடும் இடத்தில் 600:600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். வெளியே நட்ட எர்த் கம்பியையும் கணினியின் எர்த்தையும் பிரித்து வைப்பது இதுதான். மறந்தால், ஆன்டெனாவை எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் ஹம் பின்னாலேயே வரும்.

சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். ஒலியைச் ‘சீர்படுத்தும்’ எல்லா வசதியையும் அணைத்துவிடுங்கள். அதிர்வெண்களைத் திரையில் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் லேப் நிரலைத் திறந்து, இந்தப் பெரிய நிலையங்கள் தெரிகின்றனவா பாருங்கள்: ஆஸ்திரேலியாவின் என்டபிள்யூசி 19.8, ஜப்பானின் ஜேஜேஐ 22.2, ஜெர்மனியின் டிஹெச்ஓ38 23.4, இந்தியாவின் விடிஎக்ஸ் 18.2 கிலோஹெர்ட்ஸ். எல்லாம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கானவை. இவற்றில் இரண்டு மூன்றாவது நன்றாகத் தெரியாவிட்டால் 8.27-இல் எதையும் தேட வேண்டாம், முன்பெருக்கியையும் இடத்தையும் சரிசெய்யுங்கள்.

ஸ்வீடனில் உள்ள கிரிமெட்டன் நிலையம், அழைப்புப் பெயர் எஸ்ஏக்யூ, 17.2 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்பும். 1924-இல் இயங்கத் தொடங்கி, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான நிலையம் அது. சுழலும் இயந்திர ஆல்டர்னேட்டர்தான் அதன் டிரான்ஸ்மிட்டர். ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிறன்றும் டிசம்பர் 24 காலையிலும் வழக்கமாக ஒலிபரப்பு உண்டு. உங்கள் கருவிக்கு அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

கேள்வி: வீட்டு மாடியில் கம்பி வைத்தால் திரை முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. கம்பியை நீட்டலாமா?

பதில்: நீட்டினால் கோடுகளும் சேர்ந்து நீளும். கம்பியை நகர்த்துங்கள். எல்ஈடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாவற்றிலிருந்தும் 30 மீட்டர் தள்ளினால் வித்தியாசம் உடனே தெரியும். வீட்டு மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டி, எந்தக் கோடு மறைகிறது என்று பாருங்கள். மறைந்தது உங்கள் வீட்டுச் சரக்கு. மறையாதது தெருக் கம்பியிலிருந்து வருகிறது. மரத்தடியும் வேண்டாம், ஈர மரம் மின்புலத்தை மறைத்துவிடும். இடமே இல்லாதவர்கள் லூப் ஆன்டெனாவுக்கு மாறலாம். அதைத் திருப்பினால் ஒரு திசையிலிருந்து வரும் இரைச்சலையாவது அமுக்கலாம்.

கேள்வி: ஒலிபரப்ப லோடிங் காயில் எத்தனை சுற்று வேண்டும்? 12 மீட்டர் மாஸ்ட் இருக்கிறது.

பதில்: லோடிங் காயில் என்பது ஆன்டெனாவின் கெப்பாசிட்டன்ஸை ஈடுகட்டும் சுருள். அதனால் சுற்றை எண்ணுவதற்கு முன் ஆன்டெனாவின் கெப்பாசிட்டன்ஸை அளக்க வேண்டும். கம்பிக்கு மீட்டருக்கு 5 – 6 பிக்கோஃபாரட் என்று தோராயமாகக் கொள்ளலாம். 12 மீட்டர் செங்குத்துக் கம்பியும், உச்சியிலிருந்து பரவும் மூன்று 15 மீட்டர் கம்பிகளும் இருந்தால் ஏறத்தாழ 350 பிக்கோஃபாரட் வரை வரும். 8.27 கிலோஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 55 கிலோஓம். அதை ஈடுகட்டச் சுமார் 1.06 ஹென்றி வேண்டும். மில்லிஹென்றி இல்லை, முழு ஹென்றி.

கையால் செய்யக்கூடிய வழி இது. 40 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் 0.5 மி.மீ. எனாமல் காப்பர் வயரை ஒரே அடுக்காக, 50 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். ஏறத்தாழ 900 சுற்று, 1,140 மீட்டர் கம்பி, 100 ஓம் மின்தடை, 190 மில்லிஹென்றி. இப்படி ஐந்து டிரம். மொத்தச் செம்பு 10 கிலோ. ஐந்தையும் ஒன்றோடொன்று பாதிக்காத தூரத்தில் வைத்தால் 0.95 ஹென்றி. ஒரே திசைச் சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கினால் 1.2 ஹென்றி வரை ஏறும். நமக்கு வேண்டிய 1.06 நடுவில் இருக்கிறது. டிரம்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக் குறைத்தே அங்கே வந்துவிடலாம். ஒரு டிரம்மைத் தலைகீழாக வைத்தால் அதன் திசை மாறி இன்டக்டன்ஸ் சரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கவிழ்த்தாலும் சுற்றின் திசை மாறாது, மேல் முனையையும் கீழ் முனையையும் மாற்றி இணைத்தால்தான் மாறும். அடுக்கி முடித்த பிறகு ஒவ்வொரு டிரம்மிலும் ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்தப் பல அடுக்காகச் சுற்றாதீர்கள். ஒரே அடுக்கில் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே சில வோல்ட்தான். பல அடுக்கில், திரும்பி வரும் அடுக்கு முதல் அடுக்கின்மேல் படியும் முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எனாமலைத் துளைக்கும்.

முதல் சோதனையைக் குறைந்த பவரில் செய்யுங்கள். சிக்னல் ஜெனரேட்டரில் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தி, எர்த் பக்க மின்னோட்டம் எங்கே உச்சம் அடைகிறது என்று குறியுங்கள். அதுதான் ஒத்ததிர்வு. 8.6-இல் வந்தால் இன்டக்டன்ஸ் 8 சதவீதம் கூட வேண்டும், ஏனென்றால் அதிர்வெண் விகிதத்தின் இருமடிதான் இன்டக்டன்ஸுக்குக் கணக்கு. மின்னோட்டத்தை அளக்க, எர்த் கம்பியை ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் விட்டு, வளையத்தில் 100 சுற்று போட்டு 100 ஓம் இணைத்தால் 0.4 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் கிடைக்கும்.

கேள்வி: இவ்வளவும் செய்து எத்தனை வாட் வெளியே போகும்?

பதில்: மேலே சொன்ன ஆன்டெனாவின் பயனுறு உயரம் சுமார் 10 மீட்டர். அதன் கதிர்வீச்சு மின்தடை 0.12 மில்லிஓம். காயில், எர்த், சுற்றியுள்ள மரம் சுவர் எல்லாம் சேர்ந்த இழப்பு 900 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.4 ஆம்பியர் ஓட்ட 144 வாட் வேண்டும். அதில் 19 மைக்ரோவாட் மட்டும் அலையாகப் போகிறது. 75 லட்சத்தில் ஒரு பங்கு. மனம் தளர வேண்டாம், நல்ல நேரத்தில், நல்ல கடிகாரத்தோடு, இந்த அளவு பவர் வெகுதூரம் போகும்.

உயரம் இரண்டு மடங்கானால் பலன் நான்கு மடங்காகும் என்பதால்தான் சிலர் பட்டத்தில் 100 மீட்டருக்கும் மேல் கம்பி ஏற்றுகிறார்கள். பட்டத்துக்கு விமானப் போக்குவரத்து விதி உண்டு, மேகமில்லாத நாளிலும் உயரமான கம்பியில் நிலைமின்னேற்றம் சேரும். கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே நிரந்தர வடிகால் வழி இல்லாமல் ஏற்றவே கூடாது.

கேள்வி: பவரைக் கூட்டினாலும் ஆன்டெனா மின்னோட்டம் 0.35 ஆம்பியருக்கு மேல் ஏற மறுக்கிறது. மழை வந்தால் இன்னும் மோசம்.

பதில்: 0.4 ஆம்பியரில் காயிலின் மேல் முனையில் 22 கிலோவோல்ட், உச்சத்தில் 31 கிலோவோல்ட் நிற்கிறது. உங்கள் நிலைமை கொரோனா, அதாவது அதிக மின்னழுத்தத்தில் கம்பியிலிருந்து காற்றுக்குள் மின்சாரம் கசிவது. பவர் கூடும்போது மின்னோட்டம் மேலே ஏறாமல் நின்றுவிட்டு, ஒத்ததிர்வு கீழே நகர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். இருட்டியபின் விளக்கை அணைத்து, பத்து மீட்டர் தள்ளி நின்று ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். கம்பியின் முனையிலோ, முறுக்கிக் கட்டிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையிலோ, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சிறு தூரிகை துடிக்கும். காதுக்குக் கொதிக்கும் எண்ணெய்போல ‘ஸ்ஸ்’ என்று கேட்கும்.

0.5 மி.மீ. கம்பியை உச்சியில் போட்டிருந்தால் கம்பி முழுவதுமே கொரோனாவுக்கு ஆளாகும். 2 மி.மீ.-க்குக் குறையாத கம்பி போடுங்கள். முனைகளைக் கை விரல் நுழையும் அளவு வளையமாக மடக்கிச் சாலிடர் செய்யுங்கள். காயிலின் மேல் முனையில் செம்புக் குழாய் வளையம் ஒன்று இருக்கட்டும். இன்சுலேட்டராக நைலான் கயிறு கட்டியிருந்தால் மழையில் அது கயிறு அல்ல, மின்தடை. ஈரம் ஏறியதும் சூடாகி உருகும், தீயும் பிடிக்கும். நீளமான, நெளிவுள்ள இன்சுலேட்டர் வேண்டும்.

காற்றையும் கவனியுங்கள். 350 பிக்கோஃபாரட்டில் 1 பிக்கோஃபாரட் மாறினால் ஒத்ததிர்வு 12 ஹெர்ட்ஸ் நகரும். ஒத்ததிர்வின் மொத்த அகலமே 135 ஹெர்ட்ஸ்தான். கம்பி ஒரு மரக்கிளையை நோக்கி ஊசலாடினால் மின்னோட்டம் மட்டுமல்ல, ஃபேஸும் ஆடும், மணிக்கணக்கில் கூட்டிய சிக்னல் கலைந்துபோகும். கம்பியை இழுத்துக் கட்டுங்கள். எர்த் பக்கத்தில், மின்னழுத்தம் குறைவான இடத்தில், நகரும் உள்காயில் ஒன்றை வைத்து நுட்பமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

இயங்கும்போது காயிலின் மேல் பாதியையும் ஆன்டெனாவையும் யாரும் நெருங்காதபடி வேலி கட்டுங்கள். இடிச் சத்தம் கேட்டால் நிறுத்தி, ஆன்டெனாவை எர்த்தில் இணைத்துவிட்டு விலகுங்கள்.

கேள்வி: ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போதுமா?

பதில்: போதும். ஆனால் 150 வாட் தேவைக்கு 150 வாட் ஆம்ப்ளிஃபையர் போடாதீர்கள். பாட்டுக்காகக் கணக்கிட்ட பவர் சப்ளையும் ஹீட் சிங்க்கும், மணிக்கணக்கில் இடைவிடாத சைன் அலையைத் தாங்காது. இரண்டு மூன்று மடங்கு பெரியது வேண்டும், விசிறியும் வேண்டும். 4 ஓமிலிருந்து 900 ஓமுக்கு 1:15 டிரான்ஸ்ஃபார்மர். இடிடி59 ஃபெரைட் கோரில் 18 : 270 சுற்று சரியாக இருக்கும்.

கேள்வி: 4 கிலோமீட்டர் தொலைவில் நண்பர் என் சிக்னலைத் தெளிவாகப் பார்த்தார். இதைத் தொடர்பு என்று சொல்லலாமா?

பதில்: கருவி வேலை செய்கிறது என்று சொல்லலாம், அது பெரிய விஷயம். ஆனால் அலைநீளத்தை 2π-ஆல் வகுத்தால் 5.8 கிலோமீட்டர். அதற்குள் இருப்பது ஆன்டெனாவைச் சுற்றி நிற்கும் அண்மைப்புலம், பிரிந்து போன அலை அல்ல. அந்தப் புலம் தூரத்தோடு மிக வேகமாக விழும். 4 கிலோமீட்டரில் இருந்த பலத்தை வைத்து 400 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் தப்பாகும். அடுத்த சோதனையை 20 – 30 கிலோமீட்டரில் வையுங்கள். நண்பரின் கருவி பேட்டரியில் ஓடட்டும், மின்சாரக் கம்பி வழியாகக் கசிந்து வந்ததோ என்ற சந்தேகம் அப்போது தீரும்.

கேள்வி: ஈபிநாட் நிரலில் ஒரு மணி நேரம் பதிவு செய்தும் எதுவும் டிகோட் ஆகவில்லை. சிக்னல் மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். ஈபிநாட் ஃபேஸைத் திருப்பித் திருப்பி எழுத்துகளை அனுப்புவது. தொடங்கும் நேரம், துல்லிய அதிர்வெண், ஒரு சின்னத்தின் கால அளவு, எழுத்துகளின் எண்ணிக்கை, குறியீட்டு வகை ஆகிய ஐந்தும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் திறக்கும். செய்தி என்ன என்பதை மட்டும் அனுப்புபவர் சொல்லக்கூடாது.

சாதாரணச் சவுண்ட் கார்டின் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால், 8270 ஹெர்ட்ஸில் 0.165 ஹெர்ட்ஸ் பிழை. ஒரு மணி நேரத்தில் அது 595 முழுச் சுற்று. நமக்கு அனுமதிக்கக்கூடிய பிழையோ சுற்றில் பத்தில் ஒரு பங்கு. பதிவான கோப்பில் சிக்னல் இருந்திருக்கும், அது தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்கும்.

மருந்து ஜிபிஎஸ். நொடிக்கு ஒரு துடிப்பு தரும் மாட்யூலின் 3.3 வோல்ட் வெளியீட்டை 33 கிலோஓம், 1 கிலோஓம் வழியாக 0.1 வோல்ட்டாகக் குறைத்து, அதே கார்டின் வலது சேனலில் கொடுங்கள். இடது சேனல் ஆன்டெனாவுக்கு. இரண்டும் ஒரே கிரிஸ்டலில் ஓடுவதால், துடிப்புகளை வைத்து மொத்தப் பதிவையும் நிரல் திருத்திவிடும். விஎல்எஃப்ஆர்எக்ஸ் டூல்ஸ், ஸ்பெக்ட்ரம் லேப் இரண்டிலும் இந்த வசதி உண்டு.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. நொடிக்கு ஒரு துடிப்பு என்பது ஒவ்வொரு முழு ஹெர்ட்ஸிலும் ஒரு கோட்டை உண்டாக்கும். சேனல்களுக்கு இடையே துளி கசிந்தாலும் 8270.0000-இல் அழகான பொய்ச் சிக்னல் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் 8270.0075 போன்ற பின்னம் ஒட்டிய எண்களில் ஒலிபரப்புகிறார்கள். நீங்களும் முழு எண்ணைத் தவிருங்கள்.

ஒலிபரப்பும் பக்கத்துக்கும் இதே கண்டிப்பு. அதிர்வெண்ணை உண்டாக்கித் தரும், 125 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுடன் வரும் ஏடி9850 போர்டில் ஒரு படி 0.029 ஹெர்ட்ஸ். கேட்ட அதிர்வெண்ணில் அது நிற்காது, பக்கத்துப் படியில் போய் உட்காரும், கிரிஸ்டலும் நகரும். ஜிபிஎஸ் கட்டுப்படுத்தும் ஆசிலேட்டர் போட்டு, படி எங்கே விழுகிறது என்று கணக்கிட்டு, அந்த எண்ணையே மற்றவர்களுக்கு அறிவியுங்கள்.

கேள்வி: மின்னல் இரைச்சலை வடிகட்ட குறுகிய ஃபில்டர் போட்டும் பயனில்லையே?

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. மின்னல் துடிப்பு சில மில்லிநொடிதான். குறுகிய ஃபில்டருக்குள் போனால் அது நீண்டு பரவி, பிறகு வெட்டவே முடியாது. முதலில் ஹம்மை நீக்குங்கள், அடுத்து பெரிய நிலையங்களை நீக்குங்கள், அகன்ற பட்டையிலேயே துடிப்புகளை வெட்டி எறியுங்கள், கடைசியில் குறுகிய ஃபில்டர். ஹம் இருக்கும்போது வெட்டினால், வெட்டும் கத்தி ஹம்மையே அளவுகோலாகக் கொண்டுவிடும்.

கேள்வி: எந்த நேரம் நல்லது?

பதில்: அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் பகல், அல்லது இரண்டிலும் இரவு. கூரை 70-லிருந்து 85 கிலோமீட்டருக்கு ஏறும் அந்தி நேரத்திலும், இறங்கும் விடியலிலும் ஃபேஸ் நழுவும். நடுவில் அந்தி குறுக்கிட்டால் ஒரு மணி நேரச் செய்தியின் முதல் பாதியும் பின் பாதியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பகலில் சூரியப் பிழம்பு வெடித்தாலும் இதே கதி. 19.8 அல்லது 22.2 நிலையத்தின் பலம் சட்டென மாறினால் அன்றைய பதிவைச் சந்தேகியுங்கள். இடி மழை பொதுவாகப் பிற்பகலில் வலுக்கும் என்பதால், பெறுபவரின் காலை நேரம் பெரும்பாலும் அமைதியானது.

கேள்வி: மாஸ்ட் நட இடமில்லை. நிலத்தில் இரண்டு கம்பி அடித்து ஒலிபரப்பலாமா?

பதில்: முடியும். 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு எர்த் கம்பிகள், நடுவே தரையில் ஒரு வயர். மின்னோட்டம் நிலத்துக்குள் திரும்பி வரும் ஆழமே உங்கள் லூப்பின் உயரம். மின்கடத்தல் குறைந்த, மீட்டருக்கு 1 மில்லிசீமென்ஸ் உள்ள பாறை நிலத்தில் ஊடுருவும் ஆழம் 175 மீட்டர். ஈரக் களிமண்ணில் அது சுருங்கிவிடும். அதனால் வழக்கமான ஆன்டெனாவுக்குக் கெட்ட நிலம் இதற்கு நல்ல நிலம். காயிலும் வேண்டாம், கொரோனாவும் இல்லை. வயர் நீளும் திசையில்தான் அலை பலமாகப் போகும், ஆகவே கேட்பவர் இருக்கும் பக்கம் பார்த்து வயரைப் போடுங்கள். எர்த் மின்தடையைக் குறைக்க, ஒவ்வொரு முனையிலும் ஒரு நீளக் கம்பிக்குப் பதில் ஆறேழு கம்பிகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் அடித்து ஒன்றாக இணையுங்கள். வெயில் காலத்தில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். எர்த் கம்பிகளைச் சுற்றித் தரையிலேயே மின்னழுத்தம் இருக்கும், ஒலிபரப்பும்போது ஆட்களையும் ஆடுமாடுகளையும் அண்டவிடாதீர்கள்.